வாயில் கிராம்போடு ஒரு தம்பி

பேச்சு சூடு பிடிக்கிறது என்று தெரிந்தவுடன் என் தம்பியின் கை சட்டைப் பைக்குப் போகும். பழைய தைல டப்பா ஒன்று வெளியே வரும். பெருவிரல் நகத்தால் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருக்கும் கிராம்புகளில் மொட்டு உதிராத நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவான். எதிரே ஊர்ப் பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்திக்கொண்டிருப்பார்கள்.

"போன வாரமும் நீ இதையேதான்டா சொன்னே!"

"போன வாரம் நீ கேக்கலையே, அதான் திரும்பச் சொல்றேன்!"

அவன் வாயைத் திறக்க மாட்டான். கிராம்பு ஊறி மெத்தென்று ஆகும்வரை பேசுவதில்லை என்பது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கடிக்கவும் மாட்டான். கடித்தால் நாக்கு மரத்துப்போகும், கண்ணில் தண்ணீர் வரும். அதைவிட, கிராம்பு சீக்கிரம் தீர்ந்து, பேசவேண்டி வந்துவிடும். அது ஊறி முடிவதற்குள் பெரும்பாலும் பிள்ளைகளே கத்தி ஓய்ந்து, யாராவது ஒருவர் "சரி, இப்படிப் பண்ணினா என்ன?" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

அந்த டப்பாவால் எனக்குத்தான் வேலை. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அவன் சட்டைகள் எல்லாம் நான் தைத்தவை. தகர விளிம்பு உரசி உரசிப் பை எப்போதும் அடித்தையலில்தான் விட்டுப்போகும். இப்போதெல்லாம் தைக்கும்போதே உள்ளே கெட்டித் துணி வைத்து, இரட்டையாக மடித்து அடித்துவிடுகிறேன். துவைத்துக் காய்ந்த பிறகும் அந்தப் பையில் வாசம் போகாது. பிள்ளைகள் அவனைக் 'கிராம்பண்ணா' என்று கூப்பிடுகிறார்கள். 'சார்' என்று யாராவது கூப்பிட்டால், தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்து நிற்கிறார் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் வீட்டில் அவன்தான் கடைக்குட்டி. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது, அவன் கல்லூரி வரைக்கும் போனான். சிறுவயதில் சரியான வாயாடி. வாயில் சோறு இருந்தாலும் பேச்சு நிற்காது. வகுப்புக்குள் உட்கார்ந்த நேரத்தைவிட வெளியே நிறுத்தப்பட்ட நேரம்தான் அதிகம். வெளியே நிற்கும்போது காவல்காரரோடு பேசிக்கொண்டிருப்பான். "இவன் தூங்கும்போதுதான் இந்த வீட்டுல கடிகாரம் இருக்கிறதே தெரியுது" என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவன் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறான்.

நகராட்சி அவனுக்கு வைத்திருக்கும் பெயர் இளைஞர் பணியாளர். உறவுக்காரர்களிடம் அதைச் சொன்னால், "அது சரி, வேலை எங்கே?" என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஏற்றினோம், இறக்கினோம் என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு அது வேலை.

"உன் தம்பி அப்படி என்னதான் பண்றான் அங்க?"

"பசங்களைப் பேச வைக்கிறான்."

"பேசுறதுக்கு இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? நம்ம வீட்டுலயே ரெண்டு இருக்கு. பேச்சை நிறுத்தச் சொல்லிக் குடுக்கிற ஆள் இருந்தா சொல்லு, சம்பளத்தை நான் தரேன்."

"வீட்டுல பேசுறது வேற, ஆபீசுல போய்ப் பேசுறது வேற. நீங்க லைசென்ஸ் புதுப்பிக்கப் போனப்ப, அந்த ஜன்னல் முன்னாடி எப்படி நின்னீங்க?"

உடனே லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வேலை நடக்கும் இடம் பழைய தீயணைப்பு நிலையத்தின் வண்டிக் கொட்டகை. வண்டிகள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. தீயணைப்பு வீரர்கள் தொப்பி மாட்டிய கொக்கிகளில் இப்போது பிள்ளைகளின் பைகள் தொங்குகின்றன. முன்பக்கம் முழுவதும் ஒரே இரும்பு ஷட்டர். ஒருபக்கத்துச் சட்டம் வளைந்திருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிடும். காலை வைத்து ஓங்கி மிதித்தால்தான் முழுதாக இறங்கும். தினமும் பூட்டும்போது அவன் மிதிக்கிற மிதியில் செருப்பு வாரெல்லாம் அறுந்துபோகிறது. சரிசெய்யச் சொல்லி நகராட்சிக்குச் சொன்னாயா என்று கேட்டால், "பசங்க எழுதின கோரிக்கை வரிசையில அது பின்னாடி இருக்குக்கா, அதுக்கு முன்னாடி கழிப்பறை இருக்கு" என்பான்.

சுவர் கத்தரிக்காய் நிறம். என்ன வண்ணம் அடிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டதன் பலன். இவனுக்கு வெள்ளையை விட்டால் வேறு நிறமே பிடிக்காது. சட்டைக்குக்கூடக் கோடு போட்ட துணி வேண்டாம் என்பவன். முடிவான அன்று ஒரு கிராம்பு போதாமல் இரண்டு போட்டுக்கொண்டான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். வண்ணம் அடிக்கும் அன்று முதலில் தூரிகையைக் கையில் எடுத்தவனும் அவன்தான். அந்தச் சட்டையை நான் எத்தனை முறை துவைத்தும் கத்தரிக்காய் போகவில்லை.

அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எரிச்சல் வரும். ஒரு பையன் ஓடிவந்தான். "அண்ணா, எங்க தெருவுல குழாய் உடைஞ்சு தண்ணி வீணாப் போகுது. யார்கிட்டச் சொல்லணும்?" இவனுக்கு அந்த அதிகாரியைத் தெரியும். அவர் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பதுகூடத் தெரியும். சொல்லித் தொலைத்திருக்கலாம். போனை எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திறந்தான். பையன் முதலில் வீட்டுவரி பிரிவுக்குப் பேசினான். அவர்கள் வேறு ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். அது மயானப் பிரிவு. "யாரு தவறிட்டாங்க தம்பி?" என்று அந்தப் பக்கம் அனுதாபமாகக் கேட்டது. "குழாய் சார்" என்றான் பையன். கொட்டகையே உருண்டு சிரித்தது. கடைசியில் குடிநீர்ப் பிரிவைப் பிடித்து, தெரு, கம்பத்து எண் எல்லாம் சொல்லிமுடித்தபோது பையனின் குரல் மாறியிருந்தது. போனை வைக்கும்போது, அதிகாரி மாதிரி "சரி, பாத்துக்கோங்க" என்றான். தம்பி கிராம்பை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

ஒரே ஒரு விளையாட்டில்தான் அவன் வாய் பழையபடி திறக்கும். பிள்ளைகள் நகராட்சிக் கூட்டத்தில் பேசப் போவதற்கு முன்னால், இவன் மன்றத் தலைவராக நடிப்பான். சட்டைக்குள் வயிற்றுக்கு வைத்துக்கொள்ள நானே பஞ்சுத் தலையணை ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். நாற்காலியில் அகலமாக உட்கார்ந்துகொண்டு, பேசுகிற பிள்ளையைப் பார்க்காமல் போனைப் பார்ப்பான். நடுவில் புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், உங்க அப்பா என்ன பண்றாரு?" என்பான். "இந்த வயசுல படிப்பைப் பாக்காம இது எதுக்கு?" என்பான். கொட்டாவி விடுவான். பாதியில் எழுந்து டீக்குப் போவான். முதல் தடவை சில பிள்ளைகளுக்கு அழுகையே வந்துவிடும். பழகப் பழக, "சார், கேள்வி பஸ்ஸைப் பத்தி. எங்க அப்பாவைப் பத்தி இல்ல" என்று சொல்ல வந்துவிடும். அப்படிச் சொல்லிவிட்டால் தலையணையை உருவி அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "இப்ப நீ தலைவர்" என்பான்.

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வருவார்கள். கொடி பிடிக்கப் பையன்கள் வேண்டும் என்று ஒருவர் பனியன் மூட்டையோடு வந்தார். "பசங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இவன் ஒதுங்கிக்கொண்டான். பிள்ளைகள் அவரை வட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்து, கால்வாய்ச் சாலைக்கு விளக்கு எப்போது வரும், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் பனியனை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு துவைப்புக்குக்கூடத் தாங்காத துணி. நான் வெட்டிக் கடையில் எண்ணெய் துடைக்க வைத்திருக்கிறேன். எந்தக் கட்சி நல்லது என்று பிள்ளைகள் இவனைக் கேட்காத நாள் இல்லை. பதினெட்டு ஆனவர்களை, பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கக் கூட்டிக்கொண்டு போவான், சாவடி எங்கே என்று காட்டுவான். யாருக்குப் போடுவது என்று கேட்டால் டப்பா வந்துவிடும். அவன் யாருக்குப் போடுகிறான் என்பது கூடப்பிறந்த எனக்கே தெரியாது.

இந்தக் கிராம்பு வந்த கதையையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் அவனிடம் இந்தப் பழக்கம் இல்லை. அப்போது பிள்ளைகள் விளையாட்டு மைதானக் கதவைச் சாயங்காலத்தில் திறந்துவைக்கக் கேட்டார்கள். மன்றத்தில் பேசவேண்டியதை இவனே எழுதினான். நல்ல பேச்சு. என் கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது, பித்தான் தைத்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கி ஊசி தெரியவில்லை. ஒரு பையன் அதை மனப்பாடம் செய்து, மன்றத்தில் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். தலைவர் கேட்டு முடித்துவிட்டு, "திறந்து வைக்கிறோம். அப்புறம் யார் பூட்டுறது?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால் அது எழுதிக்கொடுத்த பேச்சில் இல்லை. பையன் திரும்பித் தம்பியைப் பார்த்தான். அவனோடு வந்த பிள்ளைகளும், கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி ஒன்றாகத் திரும்பினார்கள். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னான். அழகாகத்தான் சொன்னான். தலைவர் சிரித்தார். "நல்லா பேசுறீங்க. அடுத்த தடவை நீங்களே வந்துடுங்க. பிள்ளைங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்?"

மன்றமே சிரித்தது. மைதானக் கதவு திறக்கவில்லை. மறுநாள் காலையில் தம்பி என் சமையலறையில் வந்து நின்று கிராம்பு கேட்டான். பல்வலி என்று நினைத்து உப்புத் தண்ணீரும் போட்டுக் கொடுத்தேன்.

அது நடந்து வருடங்கள் ஆகின்றன. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் நகராட்சி மன்றம் வருடத்துக்கு ஒரு முறை இளைஞர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கோரிக்கையைக் கேட்கும். ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. இந்த வருடம் அந்தத் தேதி நெருங்கும்போது, நகராட்சி வாசலில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். கொட்டகையைக் குப்பை வண்டிகள் நிறுத்த எடுத்துக்கொள்ளலாமா என்று மன்றம் யோசிக்கிறது என்று அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னவர்கள் பிள்ளைகள்தான். கொட்டகை போனால் இளைஞர் பணியாளர் வேலையும் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தம்பி என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். மனைவி, கைக்குழந்தை. வேறு வருமானம் இல்லை.

எதைக் கேட்பது என்று முடிவு செய்ய அவர்கள் கூடிய அன்று, மேல் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுப்பதற்காக நானும் போயிருந்தேன். முக்காலியில் ஏறி நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய பையன் முதலில் எழுந்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கொட்டகையைத்தான் கேக்கணும். இது போச்சுன்னா அடுத்த வருஷம் எதையாவது கேக்க நாமளே இருக்க மாட்டோம்."

பேக்கரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு. வேலை முடிந்து நேராக வருவாள், முழங்கையில் மாவு ஒட்டியிருக்கும். அவள் எழுந்திருக்காமலே சொன்னாள். "நான் இப்பவே பாதி நாள் இங்க இல்லையே. வந்தா திரும்பிப் போகப் பஸ் இல்ல. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துல இருந்து இங்க யார் யார் வராங்க? கை தூக்குங்க பாப்போம்."

அவள் கை மட்டும்தான் மேலே போனது.

"அவங்களுக்கு இஷ்டமில்ல, வரலை" என்றான் வக்கீல்.

"இஷ்டமா? அந்த ரோட்டுல இருட்டினப்புறம் ஒரு தடவை தனியா நடந்து பாரு. விளக்கும் கிடையாது, ஆளும் கிடையாது. சாயங்கால பஸ்ஸை நிறுத்தினதும் என் தங்கச்சி டியூஷனையே விட்டுட்டா. கொட்டகை இருந்து என்ன, வர முடியலைன்னா?"

"அண்ணனுக்கு வேலை போயிடும். அதை யோசிச்சியா?"

சில பிள்ளைகள் தம்பியைப் பார்த்தார்கள், சில பிள்ளைகள் எண்ணெய்க் கறையைப் பார்த்தார்கள்.

"யோசிக்காமயா இருப்பேன்?" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் இறங்கியிருந்தது. "அண்ணனே சொல்லட்டும். கொட்டகையைக் கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் விட்டுடறேன்."

தம்பி கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கிராம்பு ஒரு சிறு மேடாகத் தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், சொல்லேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முக்காலியிலிருந்து ஆரம்பித்தேன். அவன் எழுந்தான். நேராக என்னிடம் வந்தான். டப்பாவைத் திறந்து, எனக்கு எட்டும்படி உயர்த்திப் பிடித்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். என்ன செய்வது? நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பஸ்ஸுக்குத்தான் அதிகக் கைகள். வக்கீல் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் போனான். "சரி, தோத்தாச்சு. நீதானே பேசப்போறே? உக்காரு. நான் கேள்வி கேக்கிறேன், பதில் சொல்லிப் பழகு" என்றான்.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு உனக்கு என்ன வீராப்பு? ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்தப் பிள்ளைங்க கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்கா. அதான் சொல்லலை."

"வேலை போனா?"

"வேற தேடணும்."

"இப்படியே வாயை மூடிக்கிட்டுத் தேடுவியா?"

படியில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி குறுக்கே வந்தாள். "விடுங்க அண்ணி. நானும் கேட்டுப் பாத்துட்டேன். எனக்கும் ஒரு கிராம்பு குடுத்தார்."

மன்றம் கூடிய அன்று கடையை மூடிவிட்டு நானும் போனேன். பிள்ளைகள் முன்வரிசையில். தம்பி அவர்களோடு உட்காராமல், கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே கிராம்பு உள்ளே போய்விட்டது. அதே தலைவர்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. பேக்கரிப் பெண் கையில் காகிதம் இல்லாமல் எழுந்து நின்றாள். வேலை எப்போது முடிகிறது, கடைசிப் பஸ் எங்கே நின்றுவிடுகிறது, அங்கிருந்து வீடுவரை சாலை எப்படி இருக்கிறது, எத்தனை பெண்கள் வேலையை விட்டார்கள், யார் படிப்பை விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைவர் போனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நியாயமான கோரிக்கைம்மா. ஆனா பணம் வேணுமே. இப்ப அந்தக் கொட்டகையை மூடலாம்னு ஒரு யோசனை இருக்கு. ஆள் சம்பளம், கரண்டு எல்லாம் மிச்சமாகும், அதை எடுத்து உங்க பஸ்ஸை விட்டுடலாம். உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க, இன்னைக்கே முடிச்சுடறேன்."

தலையணை வைத்துக்கொண்டு தம்பி எத்தனையோ குதர்க்கமான கேள்விகள் கேட்டிருக்கிறான். இந்தக் கேள்வி அதில் இல்லை. என் பக்கத்தில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கிராம்பைக் கடித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் கட்டியது.

முன்வரிசையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எல்லாத் தலைகளும் இப்போது திரும்பும் என்று காத்திருந்தேன். வக்கீலின் கழுத்து பாதி திரும்பியது. பக்கத்திலிருந்த பெண் அவன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தாள். தையல் விடுகிற அளவுக்கு இழுத்தாள். கழுத்து பழையபடி முன்பக்கம் போனது.

"நாங்க எங்களுக்குள்ள பேசிட்டு வந்து சொல்றோம்" என்றாள் பேக்கரிப் பெண். "கொஞ்ச நேரம் குடுங்க."

எல்லாரும் எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். வக்கீல் கடைசியாக, கதவருகில் நின்று, "அண்ணா, நீங்களும்" என்று கையால் கூப்பிட்டான். தம்பி தலையை ஆட்டி மறுத்தான். அவர்கள் திரும்பி வரும்வரை அவன் கைகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வந்து நின்று அவள் சொன்னது இதுதான். "நாங்க பஸ் கேட்டு வந்தோம். கொட்டகையை விக்க வரலை. ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணை வாங்கிக்கங்கன்னா, அதைப் பேச எங்களை யாரும் அனுப்பலை. பஸ்ஸுக்கு இன்னைக்குப் பதில் சொல்லுங்க. கொட்டகையை மூடணும்னா அதுக்குத் தனியா ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்க. அப்ப வந்து அதைப் பேசுறோம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுப்பினர்கள் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். சாயங்காலப் பஸ்ஸை மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. கொட்டகை விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. "தனியா கூப்பிடச் சொன்னீங்க. கூப்பிடுறோம். வந்துடுங்க" என்றார் தலைவர், பிள்ளைகளைப் பார்த்து. வெளியே வந்ததும் எல்லாரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. "அண்ணா, தமிழ்ல சொல்லுங்க" என்றான் வக்கீல்.

இப்போது அந்தப் பஸ் என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கொட்டகைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சிலர் தரையில் உட்காருகிறார்கள். கொட்டகையைப் பற்றிய கூட்டம் அடுத்த வாரம்.

தைத்த திரையை மாட்டுவதற்கு நேற்றுச் சாயங்காலம்தான் போக முடிந்தது. நான் போனபோது பேச்சு ஆரம்பித்திருந்தது. வக்கீல் நின்றுகொண்டிருந்தான்.

"முதல்ல ஒண்ணைத் தீத்துக்கணும். நமக்குக் கொட்டகை மட்டும் போதுமா, இல்ல அண்ணனும் வேணுமா? ஆள் எதுக்கு, சாவியை உங்ககிட்டயே குடுத்துடறோம்னு அங்க சொல்வாங்க. அப்ப என்ன சொல்லப்போறோம்?"

"அண்ணன் வேணும்னுதான்" என்றாள் பேக்கரிப் பெண்.

"வேணும்னா மட்டும் போதாது. எதுக்குன்னு சொல்லணும். நம்ம கூட உக்காந்து கிராம்பு மெல்றார்னு சொல்வியா?"

சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான். "அவர் எதிர்லயே எப்படிங்க இதைப் பேசுறது?"

தம்பியின் கை பைக்குப் போனது. டப்பா வெளியே வந்தது. மூடியைத் திறந்தான், பார்த்தான், ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டான். எழுந்து, முகவாயால் எனக்கு ஜாடை காட்டினான். இருவரும் வெளியே வந்தோம்.

ஷட்டரைப் பிடித்து இழுத்தான். கிறீச்சிட்டுக்கொண்டே இறங்கி, வழக்கம்போல் ஒரு சாண் மேலே நின்றது. அந்த இடைவெளி வழியாக விளக்கு வெளிச்சம் எங்கள் காலில் விழுந்தது. பேச்சும் வந்தது. "கிராம்பண்ணா இல்லைன்னா நான்..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது. மீதியையும் கேட்க, நான் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்தேன்.

தம்பி வலது காலைத் தூக்கி ஷட்டரின் அடிவிளிம்பில் வைத்தான். வழக்கம்போல் ஓங்கி மிதிக்கவில்லை. உடம்பின் எடையை எல்லாம் அந்தக் காலில் வைத்து, சத்தமில்லாமல், அது தரையைத் தொடும்வரை அழுத்தினான்.